டமால் அக்காவின் மேஜை

இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஒரு மேஜையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையில் எண்ணூறு மடிக்கணினிகள் பெட்டி கட்டித் தயாராக இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை. திரைகள், பேட்டரிகள், திருகாணிகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பரிசோதனை அறையிலிருந்த மர மேஜை மட்டும் போய்விட்டது.

“பேங்க்ல புகுந்து, பேனாவைக் கட்டியிருக்கற நூலை மட்டும் அவுத்துட்டுப் போயிருக்கான்,” என்றாள் வாலு.

அண்ணி சிரிக்கவில்லை. தான் சொன்னதற்கு அண்ணி சிரித்துவிட்டால் வாலுவுக்கே சந்தேகம் வந்துவிடும்.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். இயற்பியலில் பட்டம் வாங்கி, இரண்டு வருடம் வேலை தேடி, கடைசியில் அண்ணன் மனைவியிடமே உதவியாளராகச் சேர்ந்தவள். அண்ணி முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தார். தீப்பிடித்த கடைகளையும், ஓட்ட ஆளில்லாமல் தானே குளத்தில் இறங்கிய கார்களையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இப்போது அதையே வீட்டு முன்னறையில் பலகை மாட்டிச் செய்கிறார். வாலு கூப்பிடுவதைக் கேட்டு, வழக்கோடு வருகிறவர்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். போன மாதம் ஒரு போலீஸ் அதிகாரி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தொழிற்சாலையின் முதலாளியம்மா அவர்களை உட்காரச் சொன்னாரே தவிர, தான் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். ஏழை நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவாக மடிக்கணினி செய்வது இங்கே நடக்கும் வேலை. ஒரு மடிக்கணினி ஒரு சைக்கிள் விலைக்கு மேல் போகாது என்று நான்கு வருடம் முன்பு அவர் ஒரு மேடையில் சொல்லியிருந்தார். முதலில் செய்த மாடல் முக்கால் சைக்கிள்தான் ஆனது. ஆனால் அது உடைந்தது. உடையாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதில், இன்றைய விலை ஒன்றரை சைக்கிள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு நாட்டின் கல்வித் துறையிலிருந்து குழு வருகிறது. இரண்டு லட்சம் பிள்ளைகளுக்கு வாங்குவதாகப் பேச்சு. ஒரு சைக்கிளைத் தாண்டினால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்கள். அவர்கள் கைவிட்டால் தொழிற்சாலையை மூட வேண்டியதுதான்.

“மெஷின் எவ்வளவு உறுதின்னு கண்ணால பாத்துட்டா மனசு மாறிடுவாங்க,” என்றார் முதலாளியம்மா. அதை அவரே முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

உறுதியைக் காட்டும் வழி ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூட மேஜையிலிருந்து தள்ளிவிட்டால் உடையக் கூடாது. அதற்காகத்தான் அந்த மேஜை. உயரம் எழுபத்தைந்து சென்டிமீட்டர் என்று பித்தளைத் தகடு பதித்து, அரசாங்க அளவை அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்தது. அதிலிருந்து விழுந்தால்தான் விழுந்ததாகக் கணக்கு. இன்னொரு மேஜைக்கு முத்திரை வாங்க மூன்று வாரம் ஆகும்.

“அப்ப அது மேஜை இல்ல. அதிகாரி,” என்றாள் வாலு.

அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். மெலிந்த உடம்பு, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. தொழிற்சாலையின் தலைமை வடிவமைப்பாளர். முதலாளியம்மாவின் மகளைக் கட்டியவர் என்பதால் காவலாளி முதல் கணக்காளர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை சார். சுவரில் இரண்டு புகைப்படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில், எந்த அடியையும் தாங்கும் தேன்கூட்டு உறையைக் கண்டுபிடித்ததற்காக அவர் கேடயம் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படத்தில் மாலையும் கழுத்துமாக நின்றார். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாத இடைவெளி.

“அந்த உறை உடையாம நின்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவர்தான் எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு,” என்று முதலாளியம்மா பெருமையோடு சொன்னார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழு தங்கப்போகும் ஓட்டலைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, வாலு பேனா மூடியைக் கழற்றுவதற்குள் போயும்விட்டார்.

யார் மேல் சந்தேகம் என்று அண்ணி கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சந்தேகத்தை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

நடைவழியில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் நாற்பது மடிக்கணினிகளை மேஜை ஓரத்திலிருந்து தள்ளிவிட்டு, உடைந்ததா இல்லையா என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அதனால் டமால் அக்கா. அவருடைய கைப்பையும் போனும் முதலாளியம்மாவின் மேஜை மேல் இருந்தன. மாலை ஐந்து மணிக்குள் மேஜை வரவில்லை என்றால் போலீஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் மேல் மூன்று குற்றச்சாட்டுகள். பரிசோதனை அறைக்கு இரண்டே சாவி. ஒன்று முதலாளியம்மா வீட்டில் தொங்குகிறது, மற்றது டமால் அக்காவின் இடுப்பில். வெள்ளிக்கிழமை மாலை மேஜை இருந்ததைக் கடைசியாகப் பார்த்தவரும் அவர்தான். அன்றைக்கே முதலாளியம்மாவிடம், இவ்வளவு கனமாகச் செய்தால் பிள்ளைகள் எப்படித் தூக்கும், தோள்பட்டை இறங்கிவிடாதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆத்திரத்தில் செய்திருக்கிறார் என்று தொழிற்சாலையே பேசிக்கொண்டது.

“திருடறதுன்னா லேப்டாப்பைத் திருட மாட்டேனா? மேஜையை வச்சு நான் என்ன பண்ணப்போறேன், அதுல ஏறி உக்காந்தா வீட்டுக்குக் கொண்டு போய் விடுமா?” என்றார் டமால் அக்கா. குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பதினாறு வருடம் மூன்று தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்; வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கீழே போட்டதில்லை என்று சொன்னார். போலீஸ் என்று ஒருமுறை பெயர் அடிபட்டுவிட்டால் நான்காவது தொழிற்சாலை எதுவும் தன்னைச் சேர்க்காது என்பதை மட்டும் சத்தமில்லாமல் சொன்னார்.

அண்ணி அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. விடுப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு, “உங்க முதுகு இப்ப எப்படி இருக்கு?” என்றார்.

டமால் அக்கா திகைத்துப் போனார். வாலுவும்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து மாதம், வாரத்துக்கு ஒருநாள் முதுகுவலி என்று விடுப்பு எடுத்திருந்தார். பிறகு இரண்டு வருடமாக ஒருநாள்கூட இல்லை.

“எதிர்வீட்டுக்காரங்க ஒரு தைலம் குடுத்தாங்க. தடவின வாரமே விட்டுப்போச்சு. முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே இப்பல்லாம் ஞாபகம் இல்ல.”

அண்ணி தைலத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் அண்ணனுக்கும் முதுகுவலிதான், ஆனால் அதற்கு இது நேரமா என்று வாலு மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

பரிசோதனை அறையில் ஜன்னல் இல்லை. சிமெண்டுத் தரை. பக்கத்தில், மடிக்கணினிகள் மேல் செயற்கை மழை பெய்யவைக்கும் அறை. அதன் கதவுக்கு அடியில் எப்போதும் தண்ணீர் கசிந்து இந்தப் பக்கம் வரும். மேஜை நின்ற இடத்தில் நான்கு சதுரங்கள் தெரிந்தன. சுற்றியிருந்த தரை தினம் துடைத்துத் துடைத்து வெளுத்திருக்க, அந்த நான்கு இடங்கள் மட்டும் துடைப்பமே படாமல் கறுத்திருந்தன.

வாலு மண்டியிட்டு அளந்தாள். ஒவ்வொரு சதுரமும் உள்ளங்கை அகலம். தொழிற்சாலைத் திறப்பு விழாப் படம் ஒன்றில் அந்த மேஜை இருந்தது. அதன் கால்கள் மணிக்கட்டுத் தடிமன்தான். அவள் படத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அண்ணி, இந்த மேஜை செருப்புப் போட்டிருந்திருக்கு.”

“தெரியுது. ஆனா திருடன் செருப்பையும் சேத்து எதுக்குத் தூக்கிட்டுப் போனான்?”

பதில் தெரியாத நேரங்களில் வாலு செய்வது ஒன்றுதான். யாரிடமாவது போய்க் கேட்பாள். தரையைப் பற்றித் தரை துடைப்பவரை விட யாருக்குத் தெரியும்?

துப்புரவு வேலை செய்யும் பெண்மணி வாளியைக் கீழே வைக்காமலே பேசினார். ஆமாம், கட்டை வைத்தது அவர்தான். சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வரும் மரச்சட்டங்களை உடைத்துக் குப்பையில் போடுவார்கள். அதிலிருந்து நல்ல கட்டைகளாகப் பொறுக்கி, இரண்டிரண்டாக ஆணி அடித்து, மேஜையின் நான்கு கால்களுக்கும் வைத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செய்த வேலை.

“மழை ரூம் தண்ணி வந்து காலு ஊறிக் கிடந்துச்சு. நல்ல தேக்கு மரம், பாத்தா வயிறு எரியாதா? எங்க வீட்டுக் கட்டிலுக்கும் இப்படித்தான் வச்சிருக்கேன்.”

யாரிடமாவது சொன்னாரா என்று அண்ணி கேட்டார்.

“நல்லது பண்றதுக்கு யாரைக் கேக்கணும்?” என்றார் அவர். பிறகு, இரண்டு வருடமாக யாரும் அதற்காக ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

கட்டை எவ்வளவு உயரம் என்பதை அவர் விரல்களை விரித்துக் காட்டினார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு முழுச் சாண். வாலு அந்தச் சாணை அளவுநாடாவில் பிடித்துப் பார்த்தாள். இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

மூவரும் குனிந்து அந்த நாடாவைப் பார்த்தார்கள். துப்புரவுப் பெண்மணிக்கு மட்டும் வேலை இருந்ததால் அவர் போய்விட்டார்.

“யாருமே அளக்கலையா அண்ணி? ரெண்டு வருஷமா? இத்தனை இன்ஜினியர் இருந்தும்?”

“எதுக்கு அளக்கணும்? தகட்டுல எழுதியிருக்கே.”

அடுத்து அண்ணி கேட்டது டமால் அக்காவின் பதிவேட்டை. அதில் மூன்றே பத்திகள். தேதி, போட்டது, உடைந்தது. முதல் ஐந்து மாதம் மூன்றாவது பத்தியில் சுழியமும் எப்போதாவது ஒன்றும் இருந்தன. பிறகு ஒரு திங்கட்கிழமை, போட்டது நாற்பது, உடைந்தது பதின்மூன்று. மறுநாள் பதினைந்து. அதற்குப் பின் நல்ல நாளே இல்லை. துப்புரவுப் பெண்மணி வேலைக்குச் சேர்ந்ததும் அதே திங்கட்கிழமைதான். குனிந்து குனிந்து வலித்த டமால் அக்காவின் முதுகு சரியானதும் அதே வாரம்.

முதலாளியம்மாவிடம் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டபோது, அவர் தேதியைப் பார்க்காமலே சொன்னார். அந்த வாரம்தான் புது ஆளிடமிருந்து பிளாஸ்டிக் வாங்க ஆரம்பித்தார்கள். கெட்ட பிளாஸ்டிக். அந்த ஆளைத் துரத்திவிட்டு வேறு ஆளைப் பிடித்தார்கள், பிறகு இன்னொரு ஆளை. அப்படியும் உடைந்தது. உறையைத் தடிமனாக்கினார்கள். எட்டுத் திருகாணி இருபத்திரண்டு ஆனது. மூலைகளுக்கு ரப்பர் வந்தது. கடைசியில் மாப்பிள்ளை இரவு பகல் பாராமல் உழைத்துத் தேன்கூட்டு உறையைக் கண்டுபிடித்தார். அதற்குள் சைக்கிள் ஒன்றரையாகிவிட்டது.

அண்ணி கட்டை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்ததும் வாலு ஏன் என்று கேட்டாள்.

“மேஜை கிடைக்கட்டும். இப்ப சொன்னா, உயரத்துல திருட்டுத்தனம் பண்ணிட்டு மேஜையை மறைச்சுட்டாங்கன்னு அந்த அக்கா தலையிலதான் விழும்.”

வாலு மனக்கணக்குப் போட்டாள். எழுபத்தைந்தும் இருபத்திரண்டும் தொண்ணூற்றேழு. விழுகிற உயரம் கூடினால் அடியும் அதே விகிதத்தில் கூடும். கிட்டத்தட்ட முப்பது சதவீதம். கல்லூரியில் படித்தது முதல்முறையாக எதற்கோ உதவிய சந்தோஷத்தை அவளால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. மணி மூன்றரை ஆகியிருந்தது.

“திருடனுக்கு மேஜை வேணும்னா மேஜையை மட்டும் எடுத்திருப்பான்,” என்றார் அண்ணி. “கட்டையையும் எடுத்திருக்கான். அப்ப அவனுக்குக் கட்டை என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சிருக்கு. அது தெரியணும்னா நாடா வச்சு அளந்திருக்கணும். அந்த அக்கா நாடாவைத் தொட்டதில்ல, தைலத்தைத்தான் நம்பறாங்க.”

“அப்ப நாடா வச்சுப் பாக்கற ஆள். சாவியும் கிடைக்கற ஆள். இன்னொரு சாவி எங்க தொங்குது அண்ணி?”

அண்ணி வாசல் பக்கம் நடந்தார்.

வாசல் காவலாளி நேர்மையான மனிதர். வெளியே போகிற எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பார். ஒருமுறை கணக்காளரின் சோற்றுப் பெட்டிக்குள் ஒரு திருகாணி கிடந்ததற்காக அவரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தவர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகலில் அவர்தான் காவல். காலையிலேயே முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு, வெளியாள் யாராவது வந்தார்களா என்று விசாரித்தார். ஒரு ஈ காக்காய் வரவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். வாலு அதைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்.

அண்ணி எதையும் சுற்றிவளைத்துக் கேட்கவில்லை.

“தேக்கு மேஜை. ஒரு ஆளால தூக்க முடியாது. நீங்க எந்தப் பக்கம் பிடிச்சீங்க?”

காவலாளி யோசிக்கவே இல்லை. “பின்பக்கம்ங்க. மாப்பிள்ளை சார் முன்பக்கம் பிடிச்சாரு. கதவுல திருப்பறப்பதான் கொஞ்சம் இடிச்சுக்கிச்சு.”

வாலுவின் பேனா நின்றுவிட்டது. ஏன் இதைக் காலையிலேயே சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

“வெளியாள் வந்தானான்னுதானேம்மா கேட்டாங்க. வீட்டு மாப்பிள்ளையைப் போயி வெளியாள்னு எப்படிச் சொல்றது?” அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “அதுவும் அவ்வளவு பெரிய மனுசன் தனியா தூக்கறப்ப, நின்னு வேடிக்கை பாக்க முடியுங்களா?”

மேஜை வாசலைத் தாண்டவே இல்லை. உணவுக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாக அங்கேதான் கொண்டு போய் வைத்தார்கள். கெட்ட பிளாஸ்டிக்கில் செய்து, உடையும் என்று ஒதுக்கி வைத்த, முக்கால் சைக்கிள் விலைப் பழைய மாடல் இயந்திரங்கள் முந்நூறு அங்கே கிடந்தன. அதற்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் தோல்விக் கிடங்கு.

“அண்ணி, மாப்பிள்ளைதான் திருடன்னு அந்தம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது? நம்ம ஃபீஸ் வந்தாப்லதான்.”

“யாரும் சொல்ல வேண்டாம். வந்து பாக்கட்டும்.”

நான்கு இருபதுக்கு முதலாளியம்மாவையும் டமால் அக்காவையும் அழைத்துக்கொண்டு அவர்கள் கிடங்குக்குப் போனார்கள். முதலாளியம்மா முன்னால் நடந்தார். டமால் அக்கா இரண்டடி பின்னால் வந்தார்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே நடுவில் மேஜை நின்றது, செருப்பில்லாமல். எட்டுக் கட்டைகளும், நான்கு ஜோடிகளாக, ஒரு மூலையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேஜையைச் சுற்றிப் பழைய மடிக்கணினிகள் வரிசையாகப் பரப்பியிருந்தன. ஓட்டலுக்குப் போயிருக்க வேண்டிய மாப்பிள்ளை, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. அவர்களைப் பார்த்ததும் எழுந்தார், நோட்டை மூடிவிட்டு.

முதலாளியம்மா முதலில் மேஜையிடம் போனார். பித்தளைத் தகட்டைத் தடவிப் பார்த்தார், முத்திரை உடையவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டார். அப்புறம்தான் திரும்பினார்.

“இங்க என்ன பண்றீங்க மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை சொன்னார். குழுவினர் தங்கள் அளவுநாடாவையே கொண்டு வருவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபிறகு மேஜையை அளந்தார். தொண்ணூற்றேழு வந்தது. ஐந்து முறை அளந்தார். நாடாதான் தவறு என்று வேறு நாடா வாங்கி வந்து அளந்தார். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார்.

பரிசோதனை அறையில் எதைத் தள்ளினாலும், விழும் அதிர்வுக்கு மட்டும் ஓடும் கேமராவில் பதிவாகி முதலாளியம்மாவின் கணினியில் தெரியும். அதனால்தான் மேஜையை இங்கே கொண்டு வந்தார். ஞாயிறு மாலையே திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று திங்கட்கிழமையாகிவிட்டது. காலையில் வந்தால் நடைவழியில் டமால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை,” என்றார். அதை அவர் டமால் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையிடம் சொன்னார்.

முதலாளியம்மா கட்டைகளையும் மேஜையையும் மாறிமாறிப் பார்த்தார். வாலு நாடாவை நீட்டி அளந்து காட்டினாள். மேஜை எழுபத்தைந்து, கட்டை இருபத்திரண்டு. முப்பது சதவீதம் கூடுதல் அடி என்று விளக்கினாள். ஒரு வெடி வெடிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆனால் முதலாளியம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்படின்னா நம்ம மெஷின் அவங்க கேட்டதை விட ஒசரத்துலேர்ந்து விழுந்தும் உடையலை,” என்றார். “ஏன் மாப்பிள்ளை, இதைச் சொல்றதுக்கா வெக்கப்பட்டீங்க? புதன்கிழமை கட்டையோடவே போட்டுக் காட்டுவோம். ஒன்றரை சைக்கிள் எதுக்குன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க.”

நெரிசலான பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தது போல இருந்தது மாப்பிள்ளையின் முகம். உட்கார்ந்துவிட்டால் போதும். கேடயம் சுவரிலேயே இருக்கும். தேன்கூட்டு உறை இன்னும் பெரிய கண்டுபிடிப்பாகிவிடும். எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும்.

வாலு அண்ணியைப் பார்த்தாள். நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அண்ணி அசையவில்லை. காப்பீட்டுக் காலத்திலிருந்து அண்ணி யார் முகத்துக்கு நேராகவும் விரல் நீட்டியதில்லை. வாய் திறக்க வேண்டியவருக்கு நேரம் கொடுப்பார். அந்த நேரம் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது வாலுவுக்கு ஒவ்வொரு முறையும் மறந்துபோகும்.

முதலாளியம்மா போனை எடுத்து, போலீஸுக்குச் சொல்ல வேண்டாம் என்று அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். டமால் அக்காவிடம், போய்ப் பையை எடுத்துக்கோ என்றார். மன்னிப்பு என்கிற பேச்சே எழவில்லை. மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

டமால் அக்கா பையை எடுக்கப் போகவில்லை. குனிந்து, தரையில் கிடந்த பழைய இயந்திரம் ஒன்றைக் கையில் எடுத்தார். ஒரே கையால். அது எவ்வளவு லேசாக இருந்தது என்பது அவர் புருவம் உயர்ந்ததில் தெரிந்தது. மூலை மூலையாகத் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் விளிம்பை நீவினார். அடுத்ததை எடுத்தார். அடுத்தது. சிமெண்டுத் தரையில் புதிதாக விழுந்த கீறல்களையும் பார்த்தார். தொழில் தெரியாதவன் செய்த வேலை, கண்ட இடத்தில் போட்டிருக்கிறான் என்று அந்தப் பார்வை சொன்னது.

“கைக்கு வந்தபடி தள்ளியிருக்கீங்க தம்பி,” என்றார். “எத்தனை தடவை போட்டீங்க?”

தொழிற்சாலையில் யாரும் அவரை அதுவரை தம்பி என்று கூப்பிட்டதில்லை.

“இருநூத்தி நாப்பது.”

“எல்லாம் இந்தப் பழைய மெஷினுங்களா? கட்டை இல்லாமயா?”

“ஆமா.”

“எத்தனை உடைஞ்சுது?”

முதலாளியம்மா பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுத்தார். மாப்பிள்ளை நோட்டைத் திறந்தார். அதற்குள் எண் மாறியிருக்குமோ என்பது போல ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். மாமியாரைப் பார்க்கவில்லை. டமால் அக்காவின் கையிலிருந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணுகூட உடையலக்கா.”